மூன்று எண்களும் ஒரு சூப்பர்சார்ஜரும்: தினசரி வண்டிக்குக் கேம்ஷாஃப்ட் தேர்ந்தெடுத்த கதை

போன குளிர்காலம் முழுவதும் என் மேசையின் மேல் ஒரு தாள் கிடந்தது. அதில் நான் எழுதி வைத்திருந்தவை மூன்றே எண்கள்: 198, 216, 122.5. என் காரின் எஞ்சினுக்குள் தொழிற்சாலையிலிருந்தே இருந்த கேம்ஷாஃப்ட்டின் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) அளவுகள் அவை. அந்த எண்களை எவ்வளவு தூரம் நகர்த்தலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. எஞ்சினைப் பிரித்து மாற்றிய வேலையோ மூன்று வார இறுதிகளில் முடிந்துவிட்டது.

வண்டி 2012-ஆம் ஆண்டின் கேடிலாக் சிடிஎஸ்-வி செடான். ஆறு கியர் மேனுவல். 2009 முதல் 2015 வரை வந்த இந்த இரண்டாம் தலைமுறைக் காரில் எல்எஸ்ஏ என்ற 6.2 லிட்டர் வி8 எஞ்சின் இருக்கிறது; அதன் தலைமேல் ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் 1900 சூப்பர்சார்ஜர், அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஊதி, அமர்ந்திருக்கிறது. தொழிற்சாலைக் கணக்குப்படி 556 குதிரைத்திறன். இதற்கு மேலும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நியாயமான பதில் கிடையாது. ஆனால் இந்த வண்டி என் வீட்டில் காட்சிப் பொருளாக நிற்கவில்லை. ஒஹாயோவில் அக்ரன் நகருக்கு அருகிலிருந்து நான் வேலைக்குப் போவதும் வருவதும் இதில்தான். வாரத்தில் ஒருநாள் என் மனைவி பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இதில்தான். ஆகவே பள்ளி வாசலில் வரிசையில் நிற்கும்போது குலுங்கக் கூடாது, ஜனவரிக் காலையில் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடிக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை முதலிலேயே எழுதிக்கொண்டேன். கேம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது இத்தகைய பட்டியலைத்தான் என்பது என் எண்ணம். குதிரைத்திறன் இலக்கை முதலில் எழுதினால், பிறகு வரும் தீர்மானங்கள் எல்லாம் அதன் பின்னாலேயே ஓடும்.

அந்த மூன்று எண்களைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முதல் எண், காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கான லோப் (கேமில் உள்ள மேடு), தன் மேல் அமர்ந்திருக்கும் லிஃப்டரை 0.050 அங்குலத்துக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் காலம் (டியூரேஷன்), கிராங்க்ஷாஃப்ட்டின் டிகிரிகளில். இரண்டாவது எண், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அதே கணக்கு. மூன்றாவது, இன்லெட் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம். இதைக் கேம்ஷாஃப்ட்டின் டிகிரிகளில் சொல்வார்கள். இந்த எஞ்சினில் பதினாறு வால்வுகளையும் ஒரே கேம்தான் புஷ்ராடுகள் என்னும் கம்பிகள் வழியாக இயக்குகிறது. எனவே கேமை உருவாக்கும்போது கடைந்த கோணம் கடைந்ததுதான். நான்கு கேம் உள்ள எஞ்சின்களில் செய்வதுபோல இன்லெட்டைத் தனியாக, எக்ஸாஸ்ட்டைத் தனியாக நகர்த்திப் பார்க்க வழியில்லை. (லோப் செப்பரேஷன் ஆங்கிள் என்பதையும் எல்எஸ்ஏ என்றே சுருக்கிச் சொல்வார்கள். எல்எஸ்ஏ எஞ்சினின் எல்எஸ்ஏ என்ன என்று கேட்டு எத்தனை உரையாடல்கள் குழம்பியிருக்கின்றன என்பதை நான் எண்ணவில்லை.)

இவற்றிலிருந்து கிடைக்கும் நான்காவது எண்தான் உண்மையில் முக்கியம். இரண்டு டியூரேஷன்களையும் கூட்டி நான்கால் வகுத்து, அதிலிருந்து கோணத்தைக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்கினால் ஓவர்லாப் கிடைக்கும். அதாவது எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்லெட் வால்வு திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் காலம். தொழிற்சாலைக் கேமுக்கு இது கழித்தல் 38 டிகிரி. 0.050 அங்குலத்துக்குக் கீழும் வால்வுகள் சற்றே திறந்திருப்பதால், கழித்தல் என்று வந்தாலும் உண்மையில் சிறிது ஓவர்லாப் இருக்கும். ஆனால் ஒரு கேமை இன்னொன்றோடு ஒப்பிட இந்தக் கணக்கு போதும். கார்வெட் இசட்ஆர்1 காரில் வந்த எல்எஸ்9 எஞ்சினும் சூப்பர்சார்ஜர் உள்ளதுதான். அதன் கேம் 211, 230, 122.5. கணக்கிட்டால் கழித்தல் 24.5. ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர்களே 638 குதிரைத்திறன் எடுத்த எஞ்சினில் இவ்வளவு அடக்கமாகத்தான் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு முதல் பாடமாக இருந்தது.

சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினில் ஓவர்லாப்புக்கு ஒரு நல்ல வேலை உண்டு. வெளியேறும் புகை தன் வேகத்தால் குழாயில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, உள்ளே வரும் புதுக் காற்றைத் தன் பின்னால் இழுத்துக்கொள்ளும். காற்றைத் தள்ளிவிட ஆளில்லாத இடத்தில் இந்த இழுப்பு பெரிய உதவி. ஆனால் ஊதி கொடுக்கும் அழுத்தத்தோடு காற்று வாசலில் காத்திருக்கும்போது, இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் வந்த காற்று நேராகப் பின்கதவு வழியே போய்விடும். ஊதியைச் சுழற்றச் செலவழித்த சக்தி புகைக்குழாயில் வீணாகும். என் எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கப்படுவதில்லை. வால்வுக்கு முன்னாலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. எனவே வீணாகப் போவது காற்று மட்டுமாக இருக்காது, எரியாத பெட்ரோலும் சேர்ந்து போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட வைக்கும்.

இதே ஓவர்லாப் ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) நேர் எதிரான தொல்லையைக் கொடுக்கும் என்பதுதான் வேடிக்கை. சிக்னலில் நிற்கும்போது த்ராட்டில் (காற்று நுழையும் கதவு) மூடியிருக்கிறது. இன்லெட் பக்கம் வெற்றிடம். அப்போது இரண்டு வால்வுகளும் திறந்தால் எரிந்த புகை பின்னோக்கி இன்லெட் பக்கம் நுழைந்து, அடுத்த சுற்றில் புதுக் காற்றோடு கலந்து வருகிறது. கலவை சரியாகப் பற்றாமல் ஒரு சிலிண்டர் எரிகிறது, அடுத்தது தடுமாறுகிறது. பலர் ஆசையோடு கேட்கும் அந்தத் தடதடப்பு இப்படிப் பிறப்பதுதான். ஊரில் கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் எஞ்சின் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஏறி யாரும் வேலைக்குப் போவதில்லை.

இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. இதே மாதிரி கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 232, 248, 114 என்ற கேமைப் போட்டிருக்கிறார். கணக்கிட்டால் கூட்டல் 12. தொழிற்சாலைக் கேமிலிருந்து ஐம்பது டிகிரி தள்ளி. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றுக்கு மேல் அந்த வண்டி பறப்பதை மறுக்கவே முடியாது. ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் முதல் கியரில் ஊர்ந்தால் குதிரைக்குட்டி போலத் துள்ளுகிறது. கிளட்ச்சை மிதித்து மிதித்து விட வேண்டியிருக்கிறது. என் மனைவி பின்னிருக்கையில் அமர்ந்து வந்தவர், சிக்னலில் நின்றபோது என் தோளைத் தட்டி, “ஏங்க, இந்த வண்டிக்குக் குளிர்ஜுரமா?” என்று கேட்டார். அந்த அளவுள்ள கேம்களை அன்றே என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்தது எக்ஸாஸ்ட் பக்கம். தொழிற்சாலைக் கேமிலேயே எக்ஸாஸ்ட்டுக்கு இன்லெட்டைவிட 18 டிகிரி கூடுதலாகக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். காற்றை உள்ளே தள்ள ஊதி இருக்கிறது. எரிந்தபின் வெளியே தள்ள அதனால் உதவ முடியாது. ஊதி இல்லாத எஞ்சினைவிட அதிகமான காற்றும் எரிபொருளும் உள்ளே போயிருப்பதால், வெளியேற வேண்டிய புகையும் அதே விகிதத்தில் அதிகம். அதுவோ இன்லெட் வால்வைவிடச் சிறிய வால்வு வழியாகப் போக வேண்டும். எனவே சூப்பர்சார்ஜர் கேமில் கூடுதல் டிகிரிகளை எக்ஸாஸ்ட்டுக்குக் கொடுப்பதுதான் முறை. எக்ஸாஸ்ட் வால்வைச் சீக்கிரம் திறப்பதால் பிஸ்டனைத் தள்ளும் அழுத்தத்தில் சிறிது இழப்பு வரும். அதிகச் சுற்றில், நிரம்பிய சிலிண்டரில், அந்த இழப்பைவிட எளிதாகக் காலியாவதன் ஆதாயம் பெரிது. ஆனால் இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தொழிற்சாலை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே (புகை சேரும் குழாய்த் தொகுதி) வைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் லோப்பை மட்டும் நீட்டுவது, குறுகிய சந்தின் முனையில் பெரிய வாசல் வைப்பது போன்றது. நான் முந்தைய ஆண்டே அதற்குப் பதிலாக நீண்ட குழாய் ஹெடர்களைப் போட்டுவிட்டேன், கன்வெர்ட்டர்களை எடுக்கவில்லை.

இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. டியூரேஷன் கூடக் கூட அது தாமதமாக மூடும். மேலேறும் பிஸ்டன் கொஞ்சம் காற்றைத் திரும்பத் தள்ளிவிடும். அதனால் குறைந்த சுற்றில் இழுவை குறையும். ஈட்டன் போன்ற ரூட்ஸ் வகை ஊதி, ஒவ்வொரு சுற்றுக்கும் 1.9 லிட்டர் என்று தவறாமல் அள்ளிப் போடுவதால், இரண்டாயிரம் சுற்றிலேயே அழுத்தம் கிடைத்துவிடுகிறது. கேமால் இழந்ததை அது ஈடுகட்டிவிடும். மையவிலக்கு வகை ஊதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் அழுத்தம் சுற்று ஏற ஏறத்தான் வரும். கீழே கேமும் பலவீனம், ஊதியும் பலவீனம் என்று இரண்டும் ஒரே இடத்தில் கைவிட்டுவிடும். டர்போ முற்றிலும் வேறு கதை. அங்கே எக்ஸாஸ்ட் பக்கத்தில் டர்பைனால் எதிரழுத்தம் சேருகிறது. ஆகவே “பூஸ்ட் கேம்” (பூஸ்ட் என்பது ஊதி தரும் கூடுதல் அழுத்தம்) என்ற ஒரே பெயரில் எல்லாருக்கும் விற்கப்படுவதை வாங்குமுன், எந்த ஊதிக்கு என்று கேட்பது நல்லது.

தினசரி வண்டி என்றதும் பலரும் மறந்துவிடுவது பைபாஸ் வால்வை. நிதானமாக ஓட்டும்போது ஊதியைச் சுற்றிக் காற்று சும்மா சுழன்று திரும்ப ஒரு வழி திறந்திருக்கும். அந்த வழியைத் திறந்து வைப்பது இன்லெட் மேனிஃபோல்டின் வெற்றிடம்தான். பெரிய கேம் ஐடில் வெற்றிடத்தைக் குறைத்துவிட்டால், அந்த வால்வு முழுதாகத் திறக்காமல், ஊதி தேவையில்லாமல் காற்றை அழுத்தி, சூடாக்கி, முனகிக்கொண்டே இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே வெற்றிடம்தான் ஆதாரம். எழுபது மைல் வேகத்தில் ஆறாவது கியரில் என் எஞ்சின் சுற்றுவது ஏறத்தாழ 2000 மட்டுமே. என் ஓட்டத்தின் பெரும்பகுதி பைபாஸ் திறந்த நிலையில், ஊதி சும்மா சுழலும் நிலையில்தான் கழிகிறது. அந்த நேரத்தைக் கெடுத்துக்கொண்டு, வாரத்துக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும் ஆனந்தத்தை வாங்குவது கட்டுப்படியாகாது என்று தோன்றியது.

லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம், விஷயத்தில் எனக்கு இவ்வளவு குழப்பம் இருக்கவில்லை. வால்வைச் சற்று உயரமாகத் தூக்குவதால் ஐடில் கெடுவதில்லை. விலை கொடுப்பவை ஸ்பிரிங்குகள்தான். என் இன்லெட் வால்வின் விட்டம் 55 மில்லிமீட்டர். பரப்பு ஏறத்தாழ 24 சதுர சென்டிமீட்டர். 9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு) அழுத்தம் அதன் முதுகில் அழுத்தினால் 15 கிலோ விசை வருகிறது. எக்ஸாஸ்ட் கட்டத்தில், சிலிண்டருக்குள் அழுத்தம் இறங்கியிருக்கும்போது, மூடியிருக்க வேண்டிய வால்வைத் திறக்கப் பார்க்கும் விசை இது. தொழிற்சாலை ஸ்பிரிங் மூடிய நிலையில் கொடுப்பதே ஏறத்தாழ 40 கிலோதான். பூஸ்ட்டைக் கூட்டி, லிஃப்ட்டையும் கூட்டி, பழைய ஸ்பிரிங்கையே வைத்திருப்பவர்கள் கேமைக் குறை சொல்வதில் பொருளில்லை. நான் இரட்டை ஸ்பிரிங்குகள் போட்டேன்; ஒன்று முறிந்தாலும் மற்றது வால்வைச் சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும் என்ற நிம்மதிதான் முக்கியக் காரணம். அதிக அழுத்தத்துக்கு எதிராக எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்க வேண்டியிருப்பதால் தடிமனான புஷ்ராடுகள். ராக்கர் ஆர்ம்களின் நடுவே உள்ள ஊசி பேரிங்குகள் வெளியே உதிரும் பழக்கம் இந்த எஞ்சின் குடும்பத்துக்கு உண்டு. அவற்றுக்குப் பதிலாகப் புஷ் என்னும் வழுவழுப்பான வளையங்கள். லோப்பின் சரிவும் மிகச் செங்குத்தாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வால்வை அறைந்து திறந்து அறைந்து மூடும் லோப்புகள் டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) தாளில் அழகாகத் தெரியும். ஐம்பதாயிரம் மைல் ஓட்டிய பிறகு, தையல் மெஷின் சத்தத்தோடு கணக்கைக் கேட்கும்.

இப்படியெல்லாம் யோசித்து நான் கடைசியில் கடையச் சொன்னது 220, 236, 120. ஓவர்லாப் கழித்தல் 12. நண்பரின் கூட்டல் 12-க்கும் தொழிற்சாலையின் கழித்தல் 38-க்கும் ஏறத்தாழ நடுவில் வந்து நின்றது. வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. முதலில் விசாரித்த ஒரு பட்டறையில், இவ்வளவு சின்னதைப் போடுவதற்கு எஞ்சினைப் பிரிப்பானேன் என்று சிரித்தார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பில் இருந்த கேமைத்தான் எனக்குப் பரிந்துரைத்தார்கள் என்பது பிறகு புரிந்தது. இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர்களுக்கு எல்எஸ்9 கேமே கண்ணியமான தேர்வு. கேம் கியரைப் பிடிக்கும் போல்ட்டு ஒன்றா மூன்றா என்று மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் குடும்பத்தில் இரண்டு விதமும் உண்டு.

மாற்றும் வேலையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் எடுத்தபின், கேமைச் சில முறை சுழற்றினால் லிஃப்டர்கள் தம் பிளாஸ்டிக் தட்டுகளில் மேலே தங்கிவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே கேமை முன்பக்கமாக உருவலாம். கிராங்க் புல்லியின் போல்ட்டு ஒருமுறை மட்டும் பயன்படுவது, புதிது வாங்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் ஊகத்துக்கு விடாதீர்கள். மெல்லிய ஸ்பிரிங் போட்டு, டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் பத்து டிகிரி முன்னும் பின்னும் அளந்தேன். இன்லெட்டுக்கு 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டரும் குறைந்தபட்சம் என்பது வழக்கம். எனக்குத் தாராளமாகவே இருந்தது. சிறிய கேமின் இன்னொரு சௌகரியம் அது. எல்எஸ்ஏ எஞ்சினின் பிஸ்டன்கள் வார்ப்பு வகை. எல்எஸ்9-இல் இருப்பதுபோல் அடித்து உருவாக்கியவை கிடையாது. ஆகவே சுற்று வரம்பையும் தொழிற்சாலை வைத்த இடத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டேன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதலில் என்னைப் பதற வைத்தது பூஸ்ட் மீட்டர். முழு த்ராட்டிலில் முன்பு காட்டியதைவிட ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறைவாகக் காட்டியது. எங்கோ காற்று கசிகிறது என்று ஒரு மாலை முழுவதும் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் சோப்பு நீர் தெளித்துத் தேடினேன். பிறகு காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரின் பதிவைப் பார்த்தால், நொடிக்குப் போகும் காற்றின் எடை முன்பைவிட அதிகம். அப்போதுதான் உறைத்தது: ஊதி தள்ளிய காற்றை எஞ்சினால் விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கி நிற்பதைத்தான் பூஸ்ட் என்று அளக்கிறோம். கேம் வழியைத் திறந்துவிட்டதால் தேக்கம் குறைந்தது, போக்கு கூடியது. அழுத்தம் குறைந்ததால் காற்றின் சூடும் குறைந்தது. பூஸ்ட் எண்ணை வைத்துப் பெருமை பேசுகிறவர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ட்யூனிங்கில் (எஞ்சின் கணினியின் அட்டவணைகளைத் திருத்துவதில்) நேரம் தின்றது முழு த்ராட்டில் பகுதி என்று நினைப்பீர்கள்; அது ஒரே பிற்பகலில் முடிந்தது. ஐடிலும், த்ராட்டிலை விட்டதும் எஞ்சின் இறங்கி வரும் விதமும், குளிரில் கிளம்பும் முதல் நிமிடமும்தான் வாரக்கணக்கில் இழுத்தன. ஐடிலை நூறு சுற்று ஏற்றி, அந்தக் காற்றளவுக்கு ஏற்ப அட்டவணைகளைத் திருத்தினோம். ஓவர்லாப்பில் நழுவும் ஆக்சிஜனைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் “பெட்ரோல் போதவில்லை” என்று பொய் சொல்லும். அதை நம்பிக் கணினி மேலும் பெட்ரோல் ஊற்றும். என் கேமில் இது சிறிதளவே இருந்தது. நண்பரின் வண்டியிலோ ஐடிலில் அந்தச் சென்சாரின் பேச்சைக் கேட்காதபடியே செய்ய வேண்டியிருந்ததாம்.

எங்கள் சம்மிட் கவுண்டி, ஒஹாயோவில் ஈ-செக் என்னும் புகைப் பரிசோதனை உள்ள ஏழு கவுண்டிகளில் ஒன்று. காரின் கணினியில் கம்பியைச் செருகி, அது தன்னைத்தானே சோதித்து முடித்திருக்கிறதா, பிழை ஏதேனும் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் வழக்கமான பாதையில் வழக்கம்போல் ஓட்டினேன். கேட்டலிஸ்ட் சோதனை மூன்றாம் நாள் தானாகவே முடிந்து தயார் நிலைக்கு வந்தது. தேறிவிட்டது.

ஏப்ரலிலிருந்து இதுவரை ஏழாயிரம் மைல் ஓடியிருக்கிறது. ஐடிலில் நின்றால் இருக்கையின் அடியில் மெல்லிய ஒரு துடிப்பு தெரியும். கண்ணாடியில் பார்க்கும் பிம்பம் ஆடுவதில்லை. நகருக்குள் மைலேஜ் சிறிது குறைந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் வேறுபாடு தெரியவில்லை. ஐயாயிரம் சுற்றுக்கு மேல், முன்பு மூச்சு வாங்கத் தொடங்கிய இடத்தில், இப்போது தொடர்ந்து இழுக்கிறது. மனைவி ஓட்டும் நாட்களில் புகார் ஏதும் வரவில்லை, குளிர்ந்த எஞ்சினை ரிவர்ஸ் கியரில் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் தயங்குகிறது என்பதைத் தவிர. அதற்கான அட்டவணையை டிசம்பர்க் குளிர் வந்தபின்தான் சரியாகத் திருத்த முடியும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். முப்பதாயிரம் மைலில் ஸ்பிரிங்குகளின் விசையை அளந்து பார்க்க வேண்டும் என்று அதே தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.